மானைப் பார்த்தவர் யார்? – பழைய விலங்கியல் அச்சுப்படங்களும் தஞ்சைச் சீமையும்

திருத்துறைப்பூண்டியிலிருந்து தென்கிழக்கே வேதாரணியம் வழியாகச் சென்றால் கோடியக்கரை. அங்குக் கடலோரப் புல்வெளியில் வெளிமான் கூட்டம் மேய்வதை இன்றும் காணலாம். அதே ஊரிலிருந்து வடமேற்கே சென்றால் தஞ்சாவூர். அங்குள்ள சரசுவதி மகால் நூலகத்தில், மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வரவழைத்த நூல்களும் படத்தாள்களும் இருக்கின்றன. ஓரிடத்தில் உயிருள்ள விலங்கு. மற்றோரிடத்தில், விலங்குகளைத் தகட்டில் செதுக்கித் தாளில் அச்சிட்டு உலகமெங்கும் அனுப்பிய ஒரு காலத்தின் எச்சம். இவ்விரண்டுக்கும் இடையே உள்ள உறவைத்தான் இக்கட்டுரையில் ஆராய விரும்புகிறோம்.

பதினேழு, பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் அச்சான மான், புலி, யானை, காண்டாமிருகம் முதலியவற்றின் படங்கள் இன்று சட்டமிடப்பட்டு விடுதிக் கூடங்களையும் இல்லங்களின் முகப்பறைகளையும் அலங்கரிக்கின்றன. அவை தனித்தாள்களாகப் பிறந்தவையல்ல. மிகப் பெரும்பாலானவை ஏதோ ஒரு நூலிலிருந்து வெட்டியெடுக்கப்பட்டவை. வாங்குவோர் அவற்றின் அழகையும் பழமையையும் கேட்கின்றனர். விற்போரும் அவ்விரண்டையே சொல்கின்றனர். ஆனால் அத்தகைய படம் ஒன்று, அடிப்படையில் ஒரு செய்தி. 'இன்ன நாட்டில் இன்ன விலங்கு இன்ன உருவில் இருக்கிறது' என்று தொலைவிலுள்ள ஒருவருக்கு அது அறிவிக்கிறது. செய்தியென்றால், அதனைச் சொன்னவர் யார், அவருக்குச் சொன்னவர் யார், முதலில் கண்ணாற் கண்டவர் யார் என்று கேட்பது நம் முன்னோர் நமக்குப் பழக்கிய முறை. ஹதீஸ் கலையில் இமாம்கள் வகுத்த இஸ்னாது என்னும் அறிவிப்பாளர் தொடர் நெறியைத்தான் குறிப்பிடுகிறோம். புனித நபிமொழியின் தகுதியை ஒரு படத்தாளுக்கு ஏற்றுவது நம் நோக்கமன்று. கேள்வி கேட்கும் முறையை மட்டுமே இரவல் பெறுகிறோம். உயிருள்ளவற்றின் உருவம் வரைதல் பற்றிய ஃபிக்ஹு விவாதமும் இக்கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

வியப்பு என்னவெனில், ஐரோப்பிய அச்சுப்படங்கள் தம் ஸனதைத் தம் அடியிலேயே தாங்கி நிற்கின்றன. செப்புத்தகட்டுப் படமொன்றின் கீழ் விளிம்பைக் கூர்ந்து நோக்கினால், இடப்பக்கத்தில் ஒரு பெயரும் வலப்பக்கத்தில் ஒரு பெயரும் மிகச் சிறிய எழுத்தில் இருக்கக் காணலாம். இடப்பக்கப் பெயரை அடுத்து 'டெலினியாவிட்' என்னும் இலத்தீன் சொல்லின் சுருக்கம் இருக்கும். 'வரைந்தார்' என்று பொருள். வலப்பக்கத்தில் 'ஸ்கல்ப்ஸிட்', 'செதுக்கினார்' என்று பொருள். சிலவற்றில் 'எக்ஸ்குடிட்' என்று மூன்றாவது பெயரும் உண்டு, அவர் பதிப்பித்தவர். ஆக, ஒரு மான் நம் கண்ணுக்கு வருமுன் குறைந்தது இரண்டு மூன்று கைகளைக் கடந்திருக்கிறது என்பதைத் தாளே ஒப்புக்கொள்கிறது. சொல்லாமல் விடுவது ஒன்றுதான்: வரைந்தவர் மானைப் பார்த்தாரா?

இவ்விடத்தில் அச்சிட்ட முறைகளைச் சுருக்கமாக அறிந்துகொள்வது நலம். மிகப் பழையது மரக்கட்டை முறை. கோடுகளை மட்டும் மேடாக விட்டுவிட்டு மற்றப் பகுதியைக் குடைந்தெடுத்து, மேட்டில் மை தடவி அச்சிடுவர். செப்புத்தகட்டு முறை இதற்கு நேர்மாறானது. கூரிய உளியால் தகட்டில் கோடுகளைக் குழித்து, குழிகளில் மையை நிரப்பி, மேற்பரப்பைத் துடைத்துவிட்டு, ஈரமான தாளை வைத்து உருளைகளுக்கிடையே அழுத்தி எடுப்பர். தகட்டின் ஓரம் தாளில் பதிந்து, படத்தைச் சுற்றி ஒரு பள்ளமான சட்டம் போல நிற்கும். விரலால் தடவினாலே அது தெரியும். உளிக்குப் பதில் அமிலத்தைக் கொண்டு கோடுகளை அரிக்கச் செய்வதும், நீர்வண்ணம் போன்ற சாயலை உண்டாக்குவதும் பின்னர் வந்த நுட்பங்கள். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மனியில் செனஃபெல்டர் கண்டறிந்த கல்லச்சு முறையில் செதுக்கலே இல்லை. எண்ணெய்ப்பசையுள்ள மையால் கல்லின் மீது எழுதினால் போதும். நம் வீடுகளில் பழைய அரபுத்தமிழ்க் கிதாபுகளைக் கண்டவர்களுக்குக் கல்லச்சின் தோற்றத்தை விளக்க வேண்டியதில்லை. இவை யாவற்றிலும் படம் கறுப்பு வெள்ளையாகவே வெளிவரும். வண்ணம் பின்னர்த் தூரிகையால் தாள் தாளாகத் தீட்டப்பட்டது. தீட்டியோர் விலங்கைப் பார்த்தவரல்லர். முன்னே வைக்கப்பட்ட ஒரு மாதிரித் தாளைப் பார்த்துத் தீட்டிய கூலியாட்கள்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. தகட்டில் உள்ளது தாளில் இடவலம் மாறி விழும். ஆகவே ஒருவர் செய்த அச்சுப்படத்தை மற்றொருவர் பார்த்து அப்படியே தம் தகட்டில் செதுக்கினால், வலப்பக்கம் நோக்கிய மான் இடப்பக்கம் நோக்கத் தொடங்கிவிடும். இரண்டு நூல்களில் ஒரே மான் எதிரெதிர்த் திசையில் நின்றால், ஒன்று மற்றொன்றின் நகல் என்று ஐயுறலாம். இரண்டு சாட்சிகள் என்று நாம் எண்ணியது ஒரே சாட்சியாகிவிடும்.

பலவீனமான தொடர் எவ்வளவு புகழ்பெற முடியும் என்பதற்கு நம் நாட்டு விலங்கு ஒன்றே சான்று. குஜராத் சுல்தான் இரண்டாம் முஸஃப்பர் ஷா, போர்த்துகீசிய ஆளுநர் அல்புகெர்க்கிடம் ஒரு காண்டாமிருகத்தைப் பரிசளித்தார். அது போர்ச்சுகல் மன்னருக்கு அனுப்பப்பட்டு, 1515ஆம் ஆண்டு மே 20ஆம் நாள் லிஸ்பன் துறைமுகத்தில் இறங்கியது. ஒசெம் என்று போர்த்துகீசியரால் குறிக்கப்படும் இந்தியப் பராமரிப்பாளர் ஒருவரும் உடன் சென்றார். லிஸ்பனிலிருந்து ஒரு கடிதமும் ஒரு கோட்டுப்படமும் ஜெர்மனியின் நியூரம்பர்க் நகரை அடைந்தன. அவற்றை வைத்து ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் தம் புகழ்பெற்ற மரக்கட்டைப் படத்தை உருவாக்கினார். அவர் அவ்விலங்கைக் கண்டதேயில்லை. எனவே தோலின் மடிப்புகள் இரும்புக் கவசமாயின. கவசத்துக்கு ஆணிகள் அறையப்பட்டன. தோளின் மீது இல்லாத சிறு கொம்பொன்று முளைத்தது. படத்தின் மேலுள்ள வாசகம் விலங்கு வந்த ஆண்டையும் 1513 என்று பிழையாகவே தருகிறது. அதே 1515இல் ஹன்ஸ் பர்க்மைர் என்ற மற்றோர் ஓவியரும் அதே காண்டாமிருகத்தை மரக்கட்டையில் அச்சிட்டார். அதில் கவசமில்லை, தோட்கொம்பில்லை. முன்னங்கால்கள் கயிற்றால் பிணைக்கப்பட்டிருப்பது கூடத் தெரிகிறது. அப்படத்தின் ஒரே ஒரு படிதான் இன்று எஞ்சியுள்ளது. டியூரரின் படமோ பன்முறை மறுபதிப்புப் பெற்றதோடு, ஏறத்தாழ இருநூற்றைம்பது ஆண்டுகள் ஐரோப்பிய நூல்களில் நகலுக்கு நகலாய் வாழ்ந்தது. 1741இல் வங்காளத்திலிருந்து கிளாரா என்னும் பெண் காண்டாமிருகம் ஐரோப்பா சென்று ஊர் ஊராகக் காட்டப்பட்டு, 1749இல் பாரிசில் ஊத்ரி என்ற ஓவியர் அதனை நேரிற் பார்த்துத் தீட்டிய பின்னரே அந்தக் கவசம் கழன்றது. குஜராத்திலிருந்து சென்ற உயிரோ, போப்பாண்டவருக்குக் காணிக்கையாக அனுப்பப்பட்டபோது 1516இல் இத்தாலியக் கடற்கரையருகே கப்பலோடு மூழ்கியது. பல மாதம் அதற்குத் தீனி வைத்து அதன் உடலை அங்குலம் அங்குலமாக அறிந்திருந்த அந்தப் பராமரிப்பாளரின் பெயர் டியூரர் படத்தின் வாசகத்தில் இல்லை.

இதற்கு நேரெதிரான ஒன்றை முகலாய அரசவையில் காண்கிறோம். பேரரசர் ஜஹாங்கீருக்கு 1621இல் அபிசீனியாவிலிருந்து ஒரு வரிக்குதிரை வந்தது. அதன் கோடுகள் யாரோ தீட்டியவையோ என்று ஐயுற்று, நன்கு சோதித்த பின்னரே அவை இறைவன் படைப்பு என்று உறுதி கொண்டதாகப் பேரரசர் தம் நினைவுக் குறிப்பில் எழுதுகிறார். 'நாதிருல் அஸ்ர்' என்ற பட்டம் பெற்ற உஸ்தாத் மன்சூர் அதனைத் தீட்டினார். இன்று இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ள அவ்வோவியத்தின் ஓரத்தில், ஜஹாங்கீர் தம் கையாலேயே குறிப்பு எழுதியுள்ளார். எந்நாட்டு விலங்கு, யாருடன் வந்தவர்கள் கொண்டுவந்தார்கள், வரைந்தவர் யார், ஹிஜ்ரி 1030, ஆட்சியாண்டு 16 – எல்லாம் அதில் உள்ளன. மன்சூர் தீட்டியதாகக் கருதப்படும் டோடோ பறவை ஓவியம் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் உள்ளது. பூண்டோடு அழிந்துபோன அப்பறவையின் நிறத்தை அறிய இன்றைய விலங்கியலார் நாடும் முதன்மைச் சான்றுகளில் அதுவும் ஒன்று.

இந்த மரபு திடீரென்று முளைத்ததன்று. ஒன்பதாம் நூற்றாண்டில் அல்ஜாஹிழின் 'கிதாபுல் ஹயவான்', பதின்மூன்றாம் நூற்றாண்டில் கஸ்வீனியின் 'அஜாயிபுல் மக்லூகாத்', பதினான்காம் நூற்றாண்டில் எகிப்திய அறிஞர் தமீரியின் 'ஹயாத்துல் ஹயவான்' என விலங்குகளைப் பற்றிய எழுத்து நெடுகிலும் ஓடி வந்திருக்கிறது. தமீரியின் நூல் ஆயிரத்துக்கு மேற்பட்ட தலைப்புகளை அரபு அகரவரிசையில் அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் சொற்பொருள், ஹதீஸ், மார்க்கச் சட்டம், பழமொழி, மருத்துவப் பயன், கனவுப் பலன் என்று விரித்துரைப்பது. அதனை ஆங்கிலத்தில் பெயர்த்து 1906 முதல் வெளியிட்டவர் ஜயகர் என்னும் இந்திய மருத்துவர் என்பது பலர் அறியாதது. படங்களோடு கூடிய கைப்பிரதிகளில் தலையாயது, இப்னு பக்தீஷூவின் நூலைப் பாரசீகத்தில் பெயர்த்து 1290களில் மராகா நகரில் எழுதப்பெற்ற 'மனாஃபிஉல் ஹயவான்'; இன்று நியூயார்க்கின் மார்கன் நூலகத்தில் உள்ளது.

ஆனால் மன்சூரின் வரிக்குதிரை ஒரே ஒரு தாள். அரச கருவூலத்துள் அது இருந்தது, பார்த்தவர் சிலரே. டியூரரின் காண்டாமிருகமோ சந்தைக்குச் சந்தை விற்றது. கண்ணாற் கண்டு தீட்டியதற்கு அச்சு வாய்க்கவில்லை. அச்சு வாய்த்ததற்குக் கண்ணாற் கண்டவர் இல்லை. பழைய விலங்கியல் படங்களின் வரலாறு முழுவதிலும் இந்த முரண் திரும்பத் திரும்ப வருவதைக் காண்கிறோம்.

மான்களுக்கு வருவோம். பதினெட்டாம் நூற்றாண்டின் மிகப் பரவலான விலங்கியல் நூல் பிரெஞ்சு அறிஞர் பூஃபோனின் 'இயற்கை வரலாறு'. 1749இல் தொடங்கி அவர் இறந்த 1788 வரை முப்பத்தாறு தொகுதிகள் வெளிவந்தன. பாலூட்டிகளைப் பற்றிய தொகுதிகளின் படங்களில் பெரும்பாலானவற்றை வரைந்தவர் ஜாக் தெ செவ். நம் புள்ளிமானும் அதில் 'ஆக்ஸிஸ்' என்ற பெயரில் உண்டு. பிளினி என்னும் பழைய ரோமானிய ஆசிரியர் ஓர் இந்திய விலங்குக்குச் சொன்ன பெயர் அது. பிரான்சில் 'கங்கை மான்' என்று தெளிவின்றி வழங்கிய உயிருக்கு அப்பெயர் நிலைபெற்றது. இன்றைய அறிவியல் பெயரும் அதுவே. அந்நாட்டு அரச விலங்குக் காட்சியகத்தில் உயிரோடு இருந்த மான்களைப் பூஃபோன் அறிந்திருந்தார். ஆகவே உடலமைப்பைப் பொறுத்தவரை தொடர் வலிமையானதே. ஆனால் தெ செவ் தம் விலங்குகளைப் பெரும்பாலும் இடிந்த தூண்களுக்கும் ஐரோப்பிய மலைச்சரிவுகளுக்கும் முன்னே நிறுத்தினார். இடத்தைப் பற்றி அப்பின்னணிகள் தரும் செய்தி வெறும் கற்பனை.

வெளிமானின் கதை இன்னும் சிக்கலானது. அதன் முறுக்கிய நீண்ட கொம்புகள் விலங்குக்கு முன்னரே ஐரோப்பாவின் அரும்பொருள் அறைகளுக்குப் போய்ச் சேர்ந்திருந்தன. 1758இல் லின்னேயசு அதனை வெள்ளாட்டினத்தில் வைத்து 'கேப்ரா செர்விகேப்ரா' என்று பெயரிட்டார். 'மானாடு' என்பது போன்ற பெயர். 1766இல் பல்லாஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர்தாம் 'ஆண்டிலோப்' என்று தனி இனம் வகுத்தார். மானுக்குக் கொம்பு கிளை விட்டு ஆண்டுதோறும் உதிர்ந்து முளைக்கும். வெளிமானுக்கோ கிளையில்லாத கொம்பு வாழ்நாள் முழுதும் நிற்கும். ஆதலால் அறிவியல் கணக்கில் அது மான் குடும்பத்தைச் சேர்ந்ததன்று. ஆடு மாடுகளின் குடும்பம். தமிழிலோ இதற்கு முற்பட்ட தெளிவு இருந்தது. புல்வாய், உழை, மரை, கடமா என்று வெவ்வேறு பெயர்கள் வழங்கின. எவ்விலங்கின் ஆணுக்கு எப்பெயர், பெண்ணுக்கு எப்பெயர், குட்டிக்கு எப்பெயர் என்று தொல்காப்பிய மரபியல் வரையறுக்கிறது. புல்வாயின் ஆணை இரலை என்றனர். முறுக்கிய கொம்பையே அதற்கு அடையாளமாகச் சங்கப் புலவர்கள் கூறினர். இக்காலத்தில் எல்லாவற்றையும் 'மான்' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம்.

இவ்விலங்கைச் செதுக்கியோர் தடுமாறியதற்குத் தக்க காரணம் உண்டு. பெண்ணும் குட்டியும் இளம் ஆணும் மஞ்சள் கலந்த பழுப்பு நிறம். ஆண் வளர வளர மேலுடல் கருக்கும். தென்னகத்து ஆண்களிற் பல, கருமை முற்றாமல் கரும்பழுப்பாகவே நிற்பதும் உண்டு. ஒரே ஒரு பதப்படுத்திய தோலையோ ஒரே ஒரு கூண்டு விலங்கையோ வைத்து வரைந்தவர், அதனையே இனம் முழுமைக்கும் உரிய உருவமாகக் காட்டினார். மாதிரியைப் பார்த்து வண்ணம் தீட்டியவர் கருமையை இன்னும் ஒரு பூச்சுக் கூட்டினார். இங்கிலாந்தில் 1790இல் வெளிவந்த தாமஸ் பியூயிக்கின் நாற்கால் விலங்கு நூலில் இந்த வேறுபாடு ஒரே அட்டைக்குள் தெரிகிறது. தம் ஊர் நாயையும் ஆட்டையும் அவர் நேரிற் பார்த்துச் செதுக்கினார். அவை மூச்சு விடுகின்றன. அயல்நாட்டு விலங்குகள் பலவற்றைப் பூஃபோன் முதலிய நூல்களைப் பார்த்துச் செதுக்கினார். அவை நிற்கின்றன, அவ்வளவே.

தமிழ் முஸ்லிம்களுக்கு மான் என்றதும் நினைவுக்கு வருவது எந்த அச்சுப்படமும் அன்று. உமறுப்புலவரின் சீறாப்புராணத்தில் உள்ள 'மானுக்குப் பிணை நின்ற படலம்'. வேடன் வலையில் அகப்பட்ட பிணை, குட்டிகளுக்குப் பாலூட்டித் திரும்ப, அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அதற்காகப் பிணை நின்ற வரலாற்றைப் புலவர் பாடுகிறார். பிணை என்ற சொல்லுக்குப் பெண்மான் என்றும் ஜாமீன் என்றும் இரு பொருளும் உள்ள மொழியில் இவ்வரலாறு பாடப்பட்டது அழகிய பொருத்தம். படம் பார்த்து மானை அறிந்த ஐரோப்பியரும், பாட்டுக் கேட்டு மானை அறிந்த நம் முன்னோரும் ஒரே காலத்தவர் என்பதையும் எண்ணிப் பார்க்கலாம்.

இனித் தஞ்சைக்கு வருவோம். காவிரிக் கழிமுகம் இப்படங்களை வாங்கிய சந்தை மட்டுமன்று, அவற்றுக்கு மூலப்பொருள் அனுப்பிய இடமும் ஆகும். டேனியர் வசமிருந்த தரங்கம்பாடியில் 1771 முதல் பணியாற்றிய பாதிரியார் கிறிஸ்டோப் சாமுவேல் ஜான், கடற்கரையில் கிடைத்த மீன்களைப் பதப்படுத்திப் பெர்லினிலிருந்த புளோக் என்னும் மருத்துவருக்கு அனுப்பிவந்தார். புளோக்கின் 432 வண்ணத் தகடுகள் கொண்ட மீன் நூலில் நம் கடலின் மீன்களும் இடம்பெற்றது இவ்வாறே. கத்தாழை மீன்களின் ஓரினம் இன்றும் 'ஜோனியஸ்' எனப்படுவது அவர் பெயரால்தான். வயல் வரப்பில் காணும் மண்ணுளிப் பாம்பின் அறிவியல் பெயரிலும் அவரே இருக்கிறார். தரங்கம்பாடியிலிருந்து அவர் அனுப்பியதைக் கொண்டு பாட்ரிக் ரஸ்ஸல் 1801இல் அப்பெயரைச் சூட்டினார். சாராயத்தில் ஊறி, நிறம் வெளுத்து, பல மாதக் கடற்பயணத்துக்குப் பின் பெர்லின் சேர்ந்த மீனுக்குத் தீட்டிய வண்ணத்தை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதை வாசகரே முடிவு செய்துகொள்ளலாம். வலை வீசிப் பிடித்த செம்படவரின் பெயரோ எத்தகட்டின் அடியிலும் இல்லை.

சரபோஜி (1777–1832) இந்தத் தொடர்புகளுக்கு நடுவே வளர்ந்தவர். சுவார்ட்ஸ் பாதிரியாரிடம் கல்வி பயின்றார். 1798இல் அரியணை ஏறினார். மறு ஆண்டே ஆட்சிப் பொறுப்பு முழுவதும் கம்பெனியிடம் போயிற்று. கோட்டையும் அரண்மனையும் எஞ்சிய அம்மன்னர், அறிவுத் தேட்டத்தில் இறங்கினார். அவர் தம் ஓவியர்களைக் கொண்டு வரைவித்த இயற்கை வரலாற்று ஓவியத் தொகுதி ஒன்று, தஞ்சையில் கம்பெனியின் ரெசிடெண்டாக இருந்த பெஞ்சமின் டோரினுக்குப் பரிசாகச் சென்று, இன்று இலண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளது. ஐரோப்பியத் தாளில், ஐரோப்பிய விலங்கியல் படங்களின் பாணியில், தஞ்சை ஓவியர் கை வண்ணத்தில் அமைந்தவை அவை. அதே கப்பல்கள் மறு திசையில் அச்சுப்படங்களைத் தஞ்சைக்குக் கொண்டுவந்தன. சரசுவதி மகால் அருங்காட்சியகத்தில் இன்றும் காணக் கிடைக்கும் சார்ல்ஸ் லெ பிரன் படங்கள் அவற்றுள் குறிப்பிடத்தக்கவை. பதினேழாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு அரசவை ஓவியரான அவர், மனித முகங்களை ஆந்தை, எருது, ஒட்டகம், சிங்கம் முதலியவற்றின் முகங்களோடு ஒப்பிட்டு வரைந்தார். விலங்கை அறியும் நோக்கம் அதில் இல்லை. மனிதக் குணத்துக்கு விலங்கைச் சாட்சி கூட்டும் நோக்கமே உண்டு. பள்ளிச் சுற்றுலாவில் வரும் பிள்ளைகள் சிரித்துக்கொண்டு கடந்து செல்லும் அத்தாள்கள், விலங்குப் படம் என்றாலே விலங்கியல் படம் ஆகிவிடாது என்பதற்கு நல்ல பாடம்.

தஞ்சைத் தொகுதியில் மூல சாட்சி இருக்கிறார். விலங்கை எதிரில் வைத்து வரையக்கூடிய நிலையில் இருந்தவர். ஆனால் கம்பெனி காலத்து ஓவியர் பலரையும் போலவே, அவர் பெயர் தெரியாதவராகிவிட்டார். ஹதீஸ் கலையின் சொல்லில் மஜ்ஹூல். அரண்மனைச் செலவுக் கணக்குகள் மோடி எழுத்தில் ஏராளமாக எஞ்சியுள்ளன. தமிழ்ப் பல்கலைக்கழகம் அவற்றில் ஒரு பகுதியைத் தமிழாக்கி 1989இல் மூன்று தொகுதிகளாக வெளியிட்டது. ஓவியருக்குச் சம்பளம் கொடுத்த கணக்கை இனி அங்குத் தேடுவதே முறையான வழி என்று கருதுகிறோம்.

பெயர் நிலைத்த ஓர் ஓவியரை இங்கு நினைவுகூர வேண்டும். கல்கத்தா உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதியின் மனைவி மேரி இம்பே, தம் தோட்டத்தில் விலங்குகளையும் பறவைகளையும் வளர்த்து, 1777 முதல் பாட்னாவைச் சேர்ந்த மூன்று ஓவியர்களை அமர்த்தி அவற்றை வரையச் செய்தார். மூவருள் முதல்வர் ஷேக் ஜைனுத்தீன். மற்ற இருவர் பவானி தாசும் ராம் தாசும். முந்நூறுக்கு மேற்பட்ட தாள்கள் உருவாயின. வரைந்தவர் பெயர் பாரசீக எழுத்தில் தாளிலேயே இருக்கிறது. முகலாயக் கலைக்கூடத்தின் பயிற்சி ஐரோப்பியத் தாளில் இறங்கியதை அவற்றில் காணலாம். ஒவ்வோர் இறகும் ஒவ்வொரு முடியும் தனித்தனியாக எண்ணத்தக்கவை. இலண்டன் சென்ற அத்தாள்களைப் பார்த்து ஜான் லேதம் என்னும் பறவையியல் அறிஞர் பல பறவைகளை உலகுக்கு விவரித்தார்.

அரை நூற்றாண்டு கழித்து, தாமஸ் ஹார்ட்விக் என்னும் கம்பெனிப் படையதிகாரி இந்திய ஓவியரைக் கொண்டு சேர்த்த ஆயிரக்கணக்கான ஓவியங்களிலிருந்து தெரிந்தெடுத்து, 1830 முதல் இந்திய விலங்கியல் படநூல் ஒன்று இலண்டனில் கல்லச்சில் வெளிவந்தது. அதில் 202 தகடுகள். கல்லில் வரைந்த வாட்டர்ஹவுஸ் ஹாக்கின்ஸ் போன்ற ஆங்கிலேயரின் பெயர் அடியில் உண்டு. இந்தியாவில் விலங்கைப் பார்த்து மூலத்தை வரைந்தவர் பெயர் இல்லை. தொடரின் நடுவில் உள்ளவர்கள் நிலைத்தார்கள். கண்ணாற் கண்டவர் உதிர்ந்தார். இதனை வெறும் மரியாதைக் குறைவு என்று மட்டும் கொள்ளலாகாது. முதல் சாட்சி உதிர்ந்ததும், எந்த ஊரில், எந்தப் பருவத்தில், எவ்வயதுள்ள விலங்கைப் பார்த்தார் என்பதும் சேர்ந்தே உதிர்கிறது.

அதனால் யாருக்கு என்ன நட்டம் என்று கேட்கலாம். விடை கோடியக்கரையில் இருக்கிறது. 1967இல் சரணாலயமாகவும் 2002இல் ராம்சார் பட்டியலிலுள்ள ஈரநிலமாகவும் அறிவிக்கப்பட்ட அவ்விடத்தில், வெளிமான் மேயும் புல்வெளியைச் சீமைக்கருவேல் நெருக்கிக்கொண்டு வருகிறது. பிற்காலத்தில் கொண்டுவந்து விடப்பட்டவை என்று கருதப்படும் புள்ளிமான்களும், காட்டுத்தனமாகிவிட்ட குதிரைகளும் அதே புல்லை மேய்கின்றன. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரணியத்தை ஒட்டிக் கரை கடந்தபோது வெளிமான்களும் மாண்டன; சிலவற்றின் உடல்கள் கடற்கரையில் ஒதுங்கின. எந்த விலங்கு இந்நிலத்துக்கு உரியது, எது பின் வந்தது, எவ்வளவு புல்வெளி முன்பிருந்தது என்ற கேள்விகளுக்குப் பழைய சான்று தேவைப்படுகிறது. 'இந்திய மான்' என்று மட்டும் எழுதப்பட்ட, நூலிலிருந்து வெட்டப்பட்ட ஒரு தாளால் அங்கு எந்தப் பயனும் இல்லை. ஊரும் ஆண்டும் குறித்த ஒரு கோட்டுப்படம், எவ்வளவு அழகற்றதாயினும், சாட்சி சொல்லும்.

இதனால்தான் நூலை உடைத்துத் தாள் தாளாக விற்கும் வணிகம் நமக்கு வருத்தம் தருகிறது. கேப்டன் தாமஸ் வில்லியம்சனின் கீழைநாட்டு வேட்டை நூலை எடுத்துக்கொள்வோம். 1807இல் முழு நூலாக வெளிவந்தது. புலி, யானை, காட்டுப்பன்றி வேட்டைகளைக் காட்டும் நாற்பது வண்ணப் படங்கள். வில்லியம்சன் வங்காளத்தில் பல ஆண்டு இருந்தவர். தாம் கண்டதை நூலில் நெடுக விவரிக்கிறார். படங்களை வடிவமைத்த சாமுவேல் ஹோவிட் இந்தியாவுக்கு வந்தவரல்லர். வில்லியம்சனின் குறிப்புகளையும் கோட்டுப்படங்களையும் வைத்து வரைந்தவர். நூல் முழுதாக இருக்கும்வரை, கண்டவர் சொல்லும் காணாதவர் படமும் ஒன்றையொன்று திருத்திக்கொண்டு அருகருகே இருக்கும். படத்தை மட்டும் அறுத்தெடுத்தால் காணாதவரின் கூற்று மட்டுமே சுவரில் தொங்கும்.

பழைய தாள் ஒன்று கைக்கு வந்தால் முதலில் விளிம்பைத் தடவிப் பார்க்க வேண்டும்; தகட்டின் பள்ளம் இல்லையேல் அது மரக்கட்டையாகவோ கல்லச்சாகவோ, இக்கால இயந்திர நகலாகவோ இருக்கலாம். உருப்பெருக்கிக் கண்ணாடியில் ஒழுங்கான நுண்புள்ளிகள் வலைபோலத் தெரிந்தால் அது பிற்கால ஒளிப்பட முறை அச்சே. தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதிவரை வழங்கிய தாளில் சல்லடைக் கம்பிகளின் கோடுகள் இணையிணையாகத் தெரியும். சிலவற்றில் நீர்க்குறியாக ஆண்டே இருக்கும். வண்ணம் கோட்டைத் தாண்டி வழிந்து, மிகப் புதிதாகப் பளிச்சிட்டால், விற்பனைக்காக அண்மையில் தீட்டியதென ஐயுறலாம். பின்பக்கத்தைக் கட்டாயம் திருப்பிப் பார்க்க வேண்டும். அங்கு அச்செழுத்து இருந்தால், அதிலுள்ள இரண்டு மூன்று வரிகளைக் கொண்டே மூல நூலைக் கண்டுபிடித்துவிடலாம். அதன் பின் அடியிலுள்ள பெயர்களுக்கு வரலாம். இடப்பக்கத்தில் இருப்பவர் இந்தியாவுக்கு வந்தவரா? வந்திருந்தால் எந்த ஆண்டில், எந்தப் பகுதியில்? வராதவராயின் யாருடைய படத்தைப் பார்த்தார்?

நம் ஊர்களில் பழைய வீடுகள் இடிக்கப்படும்போதும், மதரசா நூலகங்களின் அலமாரிகள் ஒழிக்கப்படும்போதும், செல்லரித்த நூல்கள் மூட்டையாகக் கட்டப்பட்டுப் பழைய பேப்பர்க் கடைக்கு எடைக்குப் போகின்றன. அவற்றுள் கல்லச்சுக் கிதாபுகளோடு பினாங்கிலும் ரங்கூனிலும் வணிகம் செய்தவர்கள் கொண்டுவந்த படநூல்களும் இருக்கக்கூடும். அட்டையின்றி, முதற்பக்கமின்றி இருந்தாலும், படமும் எழுத்தும் சேர்ந்திருக்கும் வரை அது முழு நூலாகவே மதிக்கத்தக்கது. நூலின் உட்புறத்தில் பழைய உடைமையாளர் தம் பெயரையும் ஊரையும் ஹிஜ்ரி ஆண்டையும் எழுதியிருந்தால், அந்தப் பக்கத்தையும் கிழிக்காமல் வைத்திருக்க வேண்டும். அந்தப் படம் யார் கண்ணுக்கு, எந்த ஊரில், எப்போது வந்து சேர்ந்தது என்று சொல்வது அது ஒன்றுதான்.